பதினொன்று முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கான மலை முகாம்: நடத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டுத் திருச்சபைகள் பலவும் கோடை விடுமுறையில் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை ஏற்காடு, கொடைக்கானல், கோத்தகிரி போன்ற மலையிடங்களுக்கு முகாமுக்கு அழைத்துப் போகின்றன. பொறுப்பேற்பவர்கள் பெரும்பாலும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும், வாலிபர் ஐக்கியத்து அண்ணன்மார் அக்காமாரும்தான். பாட்டும் ஜெபமும் அவர்களுக்குப் பழக்கம். நாற்பத்தெட்டுப் பிள்ளைகளை மூன்று இரவு பத்திரமாகத் தூங்கவைப்பது பழக்கமில்லை. அவர்களுக்காகவே இந்தப் பக்கம். கணக்கெல்லாம் 48 பிள்ளைகள், 16 பெரியவர்கள், மூன்று இரவு, நான்கு நாள் என்று வைத்துப் போட்டவை.

இந்த வயதுக்கென்று தனி முகாம் தேவையா? வாலிபர் முகாமிலேயே சேர்த்துக்கொள்ளலாமே?

சேர்க்காதீர்கள். விடுமுறை வேதாகமப் பள்ளியின் செய்கைப் பாட்டு இவர்களுக்குச் சின்னப்பிள்ளைத்தனமாகப் படும். வாலிபர் முகாமில் பேசும் காதல், வேலை, திருமணம் எல்லாம் இன்னும் எட்டாத தூரத்தில் இருக்கும். இவர்களுடைய கேள்வி வேறு: "அப்பா அம்மா கோவிலுக்குப் போவதால்தான் நானும் போகிறேனா, எனக்கே நம்பிக்கை இருக்கிறதா?" லூக்கா 2ஆம் அதிகாரத்தில் பன்னிரண்டு வயது இயேசு தேவாலயத்தில் போதகர் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்கிறார், அவர்களிடம் கேள்வியும் கேட்கிறார். இந்த வயதுக்கு முகாம் நடத்துபவர்கள் அந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கேள்வி கேட்க இடம் இருக்க வேண்டும்.

இதற்குள்ளேயே 11–12 ஒரு பிரிவு, 13–14 இன்னொரு பிரிவு என்று குழு பிரியுங்கள். இரண்டு வருட வித்தியாசம் மற்ற வயதுகளில் தெரியாது. இங்கே மலையளவு தெரியும்.

எத்தனை பிள்ளைக்கு எத்தனை பேர் வேண்டும்?

எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு குழு, ஒரு குழுத்தலைவர், ஒரு துணைத்தலைவர். 48 பேருக்கு ஆறு குழு, பன்னிரண்டு பேர். அதற்கு மேல் முகாம் பொறுப்பாளர் ஒருவர், முதலுதவிக்கு ஒரு நர்ஸ் அல்லது மருத்துவர், சமையல் பொருட்களையும் கணக்கையும் பார்க்க ஒருவர், பாட்டுக்கும் விளையாட்டுக்கும் ஒருவர். ஆகப் பதினாறு. பொறுப்பாளர் கையில் குழுவைக் கொடுக்காதீர்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு ஒரு பையனுக்கு வயிற்றுவலி என்றால், ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப ஒருவர் எப்போதும் கை ஓய்வாக இருக்க வேண்டும்.

எட்டு என்ற எண்ணிக்கைக்குக் காரணம் உண்டு. பன்னிரண்டு பேர் உட்கார்ந்தால் நான்கு பேர் முகாம் முடியும்வரை வாய் திறக்க மாட்டார்கள். ஐந்து பேர் என்றால், ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் மூட் அவுட், மீதி மூன்று பேரோடு பேச்சு நகராது.

குழுத்தலைவருக்கு இருபது வயதாவது ஆகியிருக்கட்டும். பதினெட்டு, பத்தொன்பது வயதுக்காரர்கள் துணைத்தலைவராக வரட்டும். பெண்பிள்ளைகளின் குழுவுக்கும் அறைக்கும் பெண்களே பொறுப்பு.

குழுத்தலைவர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மேடையில் நன்றாகப் பேசுகிறவரைத் தேடாதீர்கள். சாப்பாட்டு வரிசையில் கடைசியில் நிற்கிறவரை, ஒரு பிள்ளையின் பெயரை ஒருமுறை கேட்டால் மறக்காதவரைத் தேடுங்கள்.

தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை என்பதற்காக விசாரிக்காமல் விட வேண்டாம். குறைந்தது ஒரு வருடம் சபையில் ஊழியம் செய்திருக்க வேண்டும், அவரோடு வேலை செய்த, உறவினரல்லாத இரண்டு பேரிடம் "இவரை நம்பி உங்கள் பிள்ளையை விடுவீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். காவல்துறைச் சரிபார்ப்புச் சான்றுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கையெழுத்திட்ட நடத்தை விதிகள் கட்டாயம்: எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது; தனியாகப் பேச வேண்டுமென்றால் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில், காதுக்கு எட்டாத தூரத்தில்; பிள்ளைகளோடு தனிப்பட்ட வாட்ஸ்அப் அரட்டை கிடையாது; அடி, குட்டு, முட்டி போடவைத்தல் எதுவும் கிடையாது. ஆயரும் முகாம் பொறுப்பாளரும் இதில் முதலில் கையெழுத்திட வேண்டும். முகாமுக்கு முன் இரண்டு சனிக்கிழமை உட்காருங்கள்: ஒன்று வேதபாடத்துக்கு, இன்னொன்று பாதுகாப்புக்கு.

எந்த வாரம் போவது? இடத்தைப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

தேர்வு முடிந்தபின் ஏப்ரல் கடைசி வாரம் நல்லது. அக்னி நட்சத்திரம் தொடங்கி மலர்க்கண்காட்சி நடக்கும் மே நடுவில் மலைச்சாலையில் வண்டி நகராது. திங்கள் முதல் வியாழன் வரை வைத்துக்கொண்டால் சனி, ஞாயிறு நெரிசல் இருக்காது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். 2025இல் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்ற வரம்பும் வந்தது. பேருந்துக்காரர் பார்த்துக்கொள்வார் என்று விடாமல், பாஸின் நகலை நீங்களே கையில் வைத்திருங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் அங்கே தடை. பிள்ளைகள் ஸ்டீல் பாட்டில் கொண்டுவரட்டும்.

இடத்தை இருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், அதுவும் ஒரு இரவு தங்கி. குளியலறைகளை எண்ணுங்கள். ஆறு அறை, 48 பிள்ளை என்றால் அறைக்கு எட்டுப் பேர். ஆளுக்கு ஏழு நிமிடம் என்றாலும் ஒரு மணி நேரம். அதனால் பாதிப் பேர் மாலை விளையாட்டு முடிந்ததும் குளிப்பது என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். அறைக்கதவு உள்ளே பூட்டிக்கொண்டால் வெளியிலிருந்து திறக்க மாற்றுச்சாவி இருக்கிறதா? கழிவறைக்குப் போகும் வழியில் விளக்கு உண்டா? சுற்றுச்சுவர் எங்கே முடிகிறது? அதே வளாகத்தில் அந்த நாட்களில் வேறு யார் தங்குகிறார்கள்? கடைசிக் கேள்வியைக் கேட்க மறந்து, கல்யாண கோஷ்டியோடு ஒரே கட்டடத்தில் மாட்டிக்கொண்ட முகாம்கள் உண்டு.

அரசு மருத்துவமனைக்கு இரவில் போக எத்தனை நிமிடம் ஆகும் என்று ஒருமுறை ஓட்டிப்பாருங்கள். 108 மலைக்கு வந்துசேர நேரமாகலாம். ஒரு காரும் ஓட்டுநரும் மூன்று இரவும் வளாகத்திலேயே இருக்க வேண்டும்.

பெற்றோரிடம் என்னென்ன எழுதி வாங்க வேண்டும்?

அனுமதிக் கையெழுத்தோடு, பிள்ளையின் எடை, ஒவ்வாமை, ஆஸ்துமா, வலிப்பு, சாப்பிடும் மாத்திரைகள், தூக்கத்தில் நடப்பது, படுக்கையில் சிறுநீர் கழிப்பது, அவசரத்துக்கு இரண்டு தொலைபேசி எண்கள், பாராசிட்டமால் கொடுக்கச் சம்மதமா, படம் எடுத்துப் பகிரச் சம்மதமா, திரும்பி வரும்போது யார் வந்து அழைத்துப்போவார்கள். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பெற்றோர் பிரிந்து வாழும் வீடுகளும் சபையில் உண்டு.

"வேறு ஏதாவது நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமா?" என்று ஒரு வரியும் விடுங்கள். தாத்தா போன மாதம் இறந்துபோனார் என்பது அந்த வரியில்தான் வரும்.

மாத்திரைகள் மருத்துவர் சீட்டோடு, பெயரெழுதிய உறையில், நர்ஸ் கைக்கு வரட்டும். ஆஸ்துமா இன்ஹேலர் மட்டும் பிள்ளையிடமே எப்போதும் இருக்க வேண்டும். அதைப் பெட்டியில் பூட்டிவைப்பது ஆபத்து. பாராசிட்டமால் எடைக்கேற்ப, ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். கொடுத்த நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதாமல் கொடுக்க வேண்டாம். இரண்டு பேர் தனித்தனியாகக் கொடுத்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

பேருந்தில் வாந்தி எடுப்பதை எப்படிச் சமாளிப்பது?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். வெறும்வயிறும் ஆகாது, பூரியும் ஆகாது. கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். வாந்தி வரும் என்று படிவத்தில் எழுதியவர்களை முன்பக்கம், ஜன்னலோரம் உட்காரவைத்துத் தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். செல்போனில் விளையாடிக்கொண்டு வருபவர்தான் முதலில் எடுப்பார். காகித உறைகள், ஈரத்துணி, ஒரு வாளி, எலுமிச்சம்பழம் முன்வரிசையில் இருக்கட்டும்.

ஏறியவுடன் தலையை எண்ணுவது போதாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் 1 முதல் 48 வரை ஓர் எண் கொடுங்கள். வண்டி நின்று கிளம்பும் ஒவ்வொரு இடத்திலும் அவர்களே வரிசையாக எண்ணைச் சொல்லட்டும். 31 வரவில்லை என்றால் யார் இல்லை என்பது அந்த நொடியே தெரியும். வெறும் எண்ணிக்கையில் "நாற்பத்தேழா, நாற்பத்தெட்டா" என்று சந்தேகம் வரும்போது வண்டி பத்துக் கிலோமீட்டர் தாண்டியிருக்கும்.

அதிகாலை ஐந்து மணி ஜெபம் வைக்கலாமா?

வேண்டாம். இந்த வயதுக்கு ஒன்பது மணி நேரத் தூக்கம் வேண்டும். இரவு பதினொன்றரைக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்தால், இரண்டாம் நாள் மதியத்திலிருந்து சண்டை, அழுகை, தலைவலி எல்லாம் வரிசையாக வரும். பிசாசு முகாமைக் கெடுக்கிறான் என்று தலைவர்கள் உபவாசம் இருப்பார்கள். பிள்ளைகளுக்குத் தேவை தூக்கம்.

காலை 6.45க்கு எழுப்புங்கள். 7.30க்கு அமைதி வேளை (ஒவ்வொருவரும் தனியாக உட்கார்ந்து வேதம் வாசிக்கும் நேரம்), 8.15க்குச் சிற்றுண்டி, அதன்பின் பாடல், ஒன்பதே முக்காலுக்குக் குழு வேதபாடம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்றரை மணி நேரம் அறையில் படுக்கை ஓய்வு. தூங்காவிட்டாலும் படுத்திருக்க வேண்டும். நான்கு மணிக்கு விளையாட்டு. மாலைக் கூட்டம் 6.30க்கு, அதில் செய்தி இருபது நிமிடம். இருபத்தொன்றாவது நிமிடத்திலிருந்து அவர்கள் பாயைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள். இரவு எட்டு மணிக்குச் சாப்பாடு, ஒன்பதுக்குக் குழுவாக உட்கார்ந்து அன்றைய நாளைப் பற்றிப் பத்து நிமிடப் பேச்சு, 9.45க்கு விளக்கணைப்பு.

சமையலுக்கு அளவு சொல்லுங்கள்.

64 பேருக்கு ஒரு வேளைச் சோற்றுக்கு எட்டுக் கிலோ அரிசி, சாம்பாருக்கு இரண்டு கிலோ துவரம்பருப்பு. இட்லி ஆளுக்கு நான்கு வீதம் 256. கூட முப்பது ஊற்றிவையுங்கள். பிரியாணிக்கு எட்டுக் கிலோ அரிசி, பத்துக் கிலோ கோழி. குடிதண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் என்றால் 192 லிட்டர், அதாவது இருபது லிட்டர் கேன் பத்து. குளிரில் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க மறப்பார்கள்; பாதித் தலைவலி அதனால்தான்.

மலையில் சமைத்துப் பழகாத சமையல்காரர் வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகுநேரம் ஆகும். பெரிய குக்கர் இரண்டு ஏற்றிக்கொண்டு போங்கள்.

மதியம் மிஞ்சிய சோற்றை இரவில் எலுமிச்சைச் சாதமாக்க வேண்டாம். வெதுவெதுப்பில் மணிக்கணக்காகக் கிடந்த சோற்றில் உருவாகும் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. பிரியாணியைக் கடைசி நாள் மதியம் போடுவது பலருடைய வழக்கம். அதைச் சாப்பிட்டுவிட்டு அதே இருபது வளைவுகளில் இறங்க வேண்டும் என்பதை நினைத்து, மூன்றாம் நாளுக்கு மாற்றுங்கள்.

குழு வேதபாடத்தில் பிள்ளைகள் பேசவே மாட்டேன் என்கிறார்களே?

பெரும்பாலும் முதல் ஐந்து நிமிடத்தில் நாம் செய்யும் தவறுதான் காரணம். "ஆளுக்கொரு வசனம் வாசியுங்கள்" என்று வட்டமாகக் கொடுப்போம். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளை தமிழ் வேதாகமத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கும். பக்கத்தில் இருப்பவன் சிரிப்பான். அந்தப் பிள்ளை அன்றோடு மூடிக்கொள்ளும். வாசிப்பைத் தலைவர் செய்யட்டும், அல்லது முந்தின நாளே ஒருவரிடம் சொல்லிவைத்து ஆயத்தப்படுத்துங்கள்.

மாற்கு 4:35–41ஐ எடுத்துக்கொள்வோம். கடலில் புயல். 38ஆம் வசனத்தில் இயேசு "கப்பலின் பின்னணியத்தில்" தூங்குகிறார் என்று இருக்கும். பின்னணியம் என்றால் படகின் பின்பகுதி. எட்டுப் பேரில் ஒருவருக்கும் தெரியாது, தெரியவில்லை என்று கேட்கவும் மாட்டார்கள். பாடத்துக்கு முன்பே இப்படிப்பட்ட சொற்களைப் பட்டியலெடுத்து, பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுங்கள். பிறகு ஒரு சாக்பீஸால் தரையில் படகு வரையுங்கள். எட்டுப் பேரும் அதற்குள் நெருக்கி உட்காரட்டும். அலை எங்கிருந்து வருகிறது? தலையணை எங்கே இருக்கிறது? அவரை எழுப்பப் போவது யார்? இதற்கெல்லாம் தவறான பதில் கிடையாது என்பதால் எல்லோரும் வாய் திறப்பார்கள்.

பிறகு மூன்றே கேள்விகள். சீஷர்கள் எதற்குப் பயந்தார்கள்? "நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்று கேட்டது தப்பா? கடவுள் தூங்குவதுபோல உங்களுக்கு எப்போதாவது தோன்றியிருக்கிறதா? மூன்றாவது கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். பத்து விநாடி அமைதி தலைவருக்கு யுகமாகத் தெரியும். அவசரப்பட்டு நீங்களே பதில் சொல்லிவிட்டால் பாடம் அத்தோடு முடிந்தது. "அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தப்போ" என்று ஒரு குரல் வந்தால், உடனே விளக்கம் கொடுக்க வேண்டாம். "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள்.

உங்களுக்கே பதில் தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லி, எழுதிவைத்து, மறுநாள் ஆயரிடம் கேட்டுச் சொல்லுங்கள். சொன்னபடி மறுநாள் சொல்ல வேண்டும். அதைப் பிள்ளைகள் கவனிப்பார்கள்.

அமைதி வேளை என்று விட்டால் தூங்கிவிடுகிறார்கள்.

அரை மணி நேரம் கொடுத்தால் தூங்கத்தான் செய்வார்கள். முதல் நாள் ஏழு நிமிடம், இரண்டாம் நாள் பத்து, மூன்றாம் நாள் பதினைந்து. வெளியே, மரத்தடியில், ஒருவருக்கொருவர் ஐந்தடி இடைவெளியில். கையில் பென்சிலும் அரைப் பக்கத் தாளும்: ஒரு சிறு வேதபகுதி, ஒரு கேள்வி, எழுதவோ வரையவோ வெற்றிடம். தலைவரும் அதையே அங்கேயே உட்கார்ந்து செய்ய வேண்டும். நின்றுகொண்டு காவல் காக்கக் கூடாது. எழுதியதை வாங்கிப் பார்க்கவும் கூடாது. திறந்தவெளியில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்வது நம் சபைகளுக்குப் புதிதல்ல. பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் வேதம் சொல்லும் ஸ்கிரிப்சர் யூனியன் இயக்கமாக வளர்ந்த சிறுவர் ஊழியத்தை 1867இல் லண்டனில் தொடங்கிய ஜோசையா ஸ்பியர்ஸ், மறுவருடம் வேல்ஸ் நாட்டின் லாண்டட்னோ கடற்கரை மணலில் "கடவுள் அன்பாகவே இருக்கிறார்" என்று எழுதிப் பிள்ளைகளைக் கூட்டினார்.

செல்போனை வாங்கிவைக்கலாமா?

வாங்குங்கள், ஆனால் முன்கூட்டியே வீட்டில் சொல்லிவிட்டு. எண்ணிட்ட துணிப்பைகளில் போட்டு, அணைத்து, பூட்டி வையுங்கள். குளிக்குமிடமும் உடைமாற்றும் அறையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது கேமரா இருக்கக் கூடாது. இதுதான் முதல் காரணம். முகாமுக்கென்று ஒரே எண் பெற்றோருக்குக் கொடுங்கள். தினமும் இரவு எட்டு மணிக்கு "எல்லோரும் நலம், இன்று இது செய்தோம்" என்று நான்கு வரி போகட்டும். அந்த நான்கு வரி ஒரு நாள் தாமதமானால் இருபது அழைப்பு வரும். தலைவர்களும் பிள்ளைகள் முன்னால் போனை எடுக்கக் கூடாது.

முதல் இரவு வீட்டு நினைவில் அழுகிறவர்களை என்ன செய்வது?

அழுகை விளக்கணைத்தபின் தொடங்கும். "இவ்வளவு பெரிய பையன் அழலாமா" என்று சொல்லக் கூடாது. விளக்குள்ள வராந்தாவுக்கு அழைத்துவந்து, சூடாகப் பால் கொடுத்து, நாளைக் காலை அவன் செய்ய வேண்டிய ஒரு வேலையைக் கையில் கொடுங்கள்: மணி அடிப்பது, தட்டு எடுத்துவைப்பது. அம்மாவிடம் பேச வேண்டும் என்றால் இரவில் வேண்டாம். காலையில் சாப்பிட்டபின் முகாம் போனில் பேசவையுங்கள். இரவில் பேசினால் இரண்டு பக்கமும் அழுவார்கள். இரண்டாம் இரவும் சாப்பிடாமல் அழுதால் வீட்டுக்கு அனுப்பத் தயங்காதீர்கள். அதில் யாருக்கும் தோல்வி இல்லை.

படுக்கை நனைப்பவர் யார் என்பது குழுத்தலைவருக்கு மட்டும் தெரியும்படி இருக்கட்டும். கதவோரக் கட்டில், மெத்தைக்கு மேல் ரப்பர் விரிப்பு, படுக்குமுன்னும் இரவு பதினொன்றரைக்கும் சத்தமின்றி ஒருமுறை எழுப்புவது. காலையில் துணியை அவர் குளிக்கப்போகும் நேரத்தில் நீங்கள் மாற்றிவிட்டால் முடிந்தது.

பெண்பிள்ளைகளில் சிலருக்கு முதல் மாதவிடாய் முகாமிலேயே வரும். நாப்கின், மாற்று உள்ளாடை, வெந்நீர்ப் பை, மூடியுள்ள குப்பைத்தொட்டி எல்லாம் கழிவறையிலேயே இருக்க வேண்டும், கேட்டு வாங்கும் நிலை கூடாது. முதல் நாளே அக்காமார் பெண்பிள்ளைகளைத் தனியாகக் கூட்டி, எங்கே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். அந்த நாட்களில் ஆராதனையிலிருந்தோ வேதபாடத்திலிருந்தோ யாரையும் ஒதுக்கக் கூடாது.

குழுவையும் அறையையும் எப்படிப் பிரிப்பது?

சீட்டுக் குலுக்குங்கள், வயதையும் ஆண் பெண் பிரிவையும் மட்டும் பார்த்து. ஒவ்வொருவரும் கேட்ட ஒரு நண்பரையாவது அதே குழுவில் போடுங்கள். "அவர்களோடு எங்கள் பிள்ளையைப் போடாதீர்கள்" என்று ஒரு பெற்றோர் தனியாக வந்து சொன்னால், அதன் அடியில் சாதி இருக்கலாம். காரணம் கேளுங்கள், சொல்லத் தயங்கினால் மாற்ற வேண்டாம். ஒரே அப்பத்தில் பங்குபெறும் சபை, பிள்ளைகளைப் பாயில் பிரித்துப் படுக்கவைக்கக் கூடாது.

பணவித்தியாசமும் அப்படித்தான் தெரியும். வீட்டிலிருந்து வரும் தின்பண்டம் எல்லாம் ஒரே பெட்டிக்குப் போகட்டும், மாலையில் எல்லோருக்கும். கட்டணம் கட்ட முடியாதவர் யார் என்பது பொருளாளருக்கும் ஆயருக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

அருவி, ஏரி, மலையேற்றம், தீமூட்டம்?

தண்ணீரில் இறங்க அனுமதி இல்லை. நீச்சல் தெரிந்தவருக்கும் இல்லை, முழங்கால் அளவுக்கும் இல்லை. மேலே எங்கோ பெய்த மழையில் ஓடை நிமிடங்களில் ஏறும். பாசிப்பாறையில் ஒருவர் வழுக்கினால் காப்பாற்றப் போகும் இரண்டாமவரும் போவார்.

காட்டுப்பாதைக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேறிகள் இறந்தார்கள். கோடையில் காய்ந்த மலைப்புல் எவ்வளவு வேகமாகப் பிடிக்கும் என்பதை அதற்குப் பிறகும் நாம் மறக்கக் கூடாது. வளாகத்துக்குள் தீமூட்டவும் உரிமையாளரின் அனுமதி வேண்டும். மூன்றடி அகலத்துக்கு மேல் வேண்டாம். பிள்ளைகள் பத்தடி தள்ளி. பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர், இரண்டு வாளி மணல். மண்ணெண்ணெய் ஊற்றுவது கிடையாது. நைலான் சால்வையோடு யாரும் கிட்டே வரக் கூடாது. காற்று அடித்தால் மெழுகுவர்த்தி போதும்.

குரங்கோ நாயோ கடித்தாலும் கீறினாலும் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசிக்கு ஆஸ்பத்திரி. சின்னக் கீறல்தானே என்று மஞ்சள் வைத்துவிடாதீர்கள்.

ஒரு பிள்ளை தனக்கு நடந்த பாலியல் கொடுமையைச் சொன்னால்?

முகாமில் இது நடக்கும். வீட்டுக்கு வெளியே, நம்பும் ஓர் அக்கா கிடைக்கும் முதல் இடம் இதுதானே. பெரும்பாலும் இப்படித் தொடங்கும்: "அக்கா, ஒண்ணு சொல்லணும். யார்ட்டயும் சொல்லக் கூடாது, சத்தியம் பண்ணுங்க." சத்தியம் பண்ணாதீர்கள். "உன்னைப் பாதுகாக்க யாரிடம் சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்வேன், உனக்குத் தெரியாம எதுவும் செய்யமாட்டேன்" என்று சொல்லுங்கள். பிறகு கேளுங்கள். துருவிக் கேட்காதீர்கள், "அவர் இப்படிச் செய்தாரா?" என்று பதிலை நீங்களே எடுத்துக்கொடுக்காதீர்கள். "நீ சொல்றதை நம்புறேன். உன் மேல தப்பு இல்லை." இந்த இரண்டும் போதும். மன்னித்துவிடு என்று அப்போது ஜெபிக்கவைப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் இரண்டாவது காயம்.

அன்றிரவே பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே, நேரத்தோடு எழுதி, முகாம் பொறுப்பாளரிடம் கொடுங்கள். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தவர் யாராயினும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் 21ஆம் பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும்; நிறுவனத்தின் பொறுப்பிலிருப்பவர் தமக்குக் கீழ் இருப்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைத்தால் வழி சொல்வார்கள். பிள்ளையைக் காவல் நிலையத்தில் உட்காரவைப்பார்களோ என்ற பயம் பலரைத் தடுக்கிறது. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அவர் விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல், கூடுமானவரை பெண் அதிகாரி பதிவு செய்ய வேண்டும் என்றே சட்டம் சொல்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரை நீங்கள் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம். சபைக் கமிட்டியில் வைத்துப் பேசித் தீர்க்க வேண்டாம், அவர் எவ்வளவு பெரியவராயினும். அவர் வீட்டுக்குள்ளேயே இருப்பவர் என்றால், வீட்டுக்குப் போன் போடுவதற்கு முன் 1098இல் கேளுங்கள்.

கடைசி இரவு, இயேசுவைப் பின்பற்ற அழைக்கும் அர்ப்பணிப்புக் கூட்டம் வைக்கலாமா?

வழக்கமாக எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மூன்றாம் இரவு. பிள்ளைகள் களைத்திருக்கிறார்கள். விளக்கு மங்கலாகிறது, கீபோர்டு மெல்ல வாசிக்கிறது, பிரசங்கியார் குரலைத் தாழ்த்துகிறார். ஒரு பெண் விசும்புகிறாள், பக்கத்தில் தோழி, அப்புறம் வரிசையே. முன்னால் வராதவர்கள் கல்நெஞ்சக்காரர்களாக உணர்கிறார்கள். மறுநாள் சபையில் "நாற்பது பேர் ஒப்புக்கொடுத்தார்கள்" என்று சாட்சி. ஆறு மாதம் கழித்து அந்தப் பிள்ளைகளில் பலர், அன்று அழுததே பொய்யோ என்று தங்களையே சந்தேகப்படுகிறார்கள். அந்தச் சந்தேகத்தை அவர்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகக் காரணம் நாம்.

அழைப்புக் கொடுங்கள், கொடுக்கத்தான் வேண்டும். இரண்டாம் நாள் மாலைக்கு மாற்றுங்கள்; பேச ஒரு முழு நாள் மிச்சமிருக்கும். விளக்கு எரியட்டும், இசை நிற்கட்டும். எதற்கு அழைக்கிறோம் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். கையைத் தூக்க, முன்னால் வரச் சொல்ல வேண்டாம். ஆளுக்கொரு அட்டை கொடுங்கள்: "இயேசுவைப் பின்பற்றத் தீர்மானிக்கிறேன்", "இன்னும் கேள்வி இருக்கிறது, யாராவது பேச வேண்டும்", "இப்போது வேண்டாம்". பெயரெழுதி, மூன்றில் ஒன்றில் குறியிட்டு, மடித்து, எல்லோருமே கூடையில் போட வேண்டும். எல்லோரும் போடுவதால் யார் என்ன எழுதினார் என்று மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாது. மறுநாள் காலை வெளிச்சத்தில் குழுத்தலைவர் ஒவ்வொருவரோடும் பத்து நிமிடம் பேசட்டும். "இப்போது வேண்டாம்" என்று எழுதியவரிடம் முதலில் போங்கள், நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி சொல்லுங்கள்.

நரகத்தைக் காட்டிப் பயமுறுத்துவதும், "இன்றிரவு வண்டி கவிழ்ந்தால்" என்று தொடங்குவதும் வேண்டவே வேண்டாம். இவர்கள் நாளை அதே வண்டியில்தான் இறங்க வேண்டும்.

நண்பனோடு வரும் பிற மதத்துப் பிள்ளைகளைச் சேர்க்கலாமா?

இது வேதபாடமும் ஜெபமும் உள்ள கிறிஸ்தவ முகாம் என்று பெற்றோரிடம் நேரில் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்கியபின் மட்டும். சுற்றுலா என்று சொல்லி அழைத்துவருவது பொய். அந்தப் பொய்யின் மேல் நற்செய்தி நிற்காது. அட்டையில் அவர்கள் எதை எழுதினாலும், அதைப் பற்றிய பேச்சு பெற்றோருக்குத் தெரிந்தே நடக்க வேண்டும். முகாமில் யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது.

திரும்பி வந்தபின் என்ன செய்வது?

முதல் வாரத்தில் குழுத்தலைவர் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருமுறை போய், பெற்றோர் இருக்கும்போது பிள்ளையைப் பார்த்துவரட்டும். ஜூனில் பள்ளி திறந்ததும் குழு ஒருமுறை கூடட்டும், ஞாயிறு ஆராதனைக்குப் பின் அரை மணி நேரம், டீயும் பிஸ்கட்டும் போதும். அதே எட்டுப் பேர், அதே தலைவர்.

இன்னொன்றை முகாமிலேயே செய்துவிட்டு வாருங்கள். கடைசிக் காலை ஒவ்வொரு பிள்ளையும் தனக்கே ஒரு கடிதம் எழுதி, உறையில் போட்டு ஒட்டட்டும். பிரிக்காமல் வாங்கிவைத்து ஆகஸ்ட் முதல் வாரத்தில் தபாலில் போடுங்கள். முகவரியைப் பிள்ளையே எழுத வேண்டும். பலருக்குத் தன் வீட்டு அஞ்சல் குறியீட்டு எண் தெரியாது, அதனால் பெற்றோர் கொடுத்த படிவத்தைப் பக்கத்தில் வைத்து, ஆறு இலக்கமும் சரியா என்று பார்த்தபின் உறையை வாங்குங்கள்.